இரண்டு கருங்காளைகளும் உன் அப்பாவும்

கார்ஸ்டன்,
வியாழக்கிழமை காலை, வெளியே தூறல்

அன்பு மகள் ஹெதருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நலம், முழங்கால்களைச் சேர்க்காமல் சொன்னால். அங்கே நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் குட்டி டெஸ்ஸும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? எங்களுக்கு வெயில் எட்டிப்பார்க்கிற மாதத்தில் உங்களுக்குக் குளிர் தொடங்கிவிடும் என்பதை இத்தனை வருஷமாகியும் என் மண்டை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. உன் கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டதா? பிரித்தாலும் ஏணிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. கூரைக்குச் சாயம் அடிக்க அந்த வீட்டில் கிரெய்க் என்று ஒரு ஆறடி ஆள் இருக்கிறான், அவனுக்கும் ஆண்டவன் இரண்டு கை கொடுத்திருக்கிறான், நான் சொன்னேன் என்று சொல். போன கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ போகிற போக்கில் கேட்பது போல ஒன்று கேட்டிருந்தாய். “அப்பாவுக்கு என் மேல இன்னும் கோபமாம்மா?” ஞாயிற்றுக்கிழமை போனில் நீ வாயைத் திறந்ததுமே “இந்தா, உங்கம்மாகிட்ட பேசு” என்று என் கையில் திணித்துவிடுகிறார், ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிஞ்சிடுச்சுப்பா என்று நீ அழுதபோதுகூட “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டார், ஊரை விட்டு வந்ததை மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறார் போல என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதாவது வழக்கமாக இறங்குகிற அளவுக்கு இறங்கவில்லை. பதில் சொல்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் நீ நம்பமாட்டாய், அம்மா அப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பாய். அதனால் புட்டிங் கதையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கெட்டிலை அடுப்பில் போடு, கால் நீட்டி உட்கார்.

எங்கள் புதன்கிழமை நடைக் கூட்டம் நீ போன பிறகு நன்றாகப் பெருத்துவிட்டது, ஆள் எண்ணிக்கையிலும் ஆளாளுக்கு இடுப்பளவிலும். நடப்பதே மதியம் பப்பில் சாப்பிடுவதற்குத்தான் என்று தெல்மா வாய்விட்டே சொல்கிறாள். அவள் முழங்கால் மேட்டில் ஏறும்போது மட்டும் வலிக்கும், பப்பின் புகைக்கூண்டு கண்ணில் பட்டதும் வலி போன இடம் தெரியாது. முன்னால் உன் அப்பா கைத்தடியோடு போவார், அவரை யாரும் முந்தக்கூடாது, அது சட்டம். பின்னால் கடைசியாக வருகிறவர் ஆட்டுப் பட்டிக் கேட்டுகளைச் சாத்திக்கொண்டு வரவேண்டும், அந்த வேலைக்கு மட்டும் யாரும் போட்டி போடுவதில்லை. நடுவில் நாங்கள் எல்லோரும் வாயால் நடப்போம். நெவில் ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் உனக்குப் பூகோளம் எடுத்தவர்? ஓய்வு வாங்கிக்கொண்டு எங்களோடு சேர்ந்துவிட்டார், வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நம் பின்னந்தலைக்குச் சுண்ணாம்புக்கல் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே வருவார். ஒவ்வொரு வசந்தத்திலும் மேட்டுவெளியின் உச்சிக்குப் போனதும் உன் அப்பா நின்று, தொப்பியைக் கழற்றி, “வானம்பாடியெல்லாம் போச்சு, ஒண்ணுகூட இல்ல, பாழாப்போன விவசாய மருந்து” என்று துக்கம் கேட்பது போலச் சொல்வார். அந்தக் காலத்து அளவுக்கு இப்போது பறவைகள் இல்லை என்று சொல்கிறார் என நாங்கள் எடுத்துக்கொண்டு உச்சுக்கொட்டுவோம், நெவில் உடனே புள்ளிவிவரம் சொல்வார், பிறகு எல்லோரும் இறங்கி பப்புக்குப் போவோம். வாசலில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே போகவேண்டும். யார் வீட்டில் யாருக்கு ஓட்டை தைக்க நேரமில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். உன் அப்பாவின் கட்டைவிரல் இந்த மாவட்டத்துக்கே பழக்கம்.

இனி புட்டிங். கீழ் ஹெப்பிள்தோர்ப்பில் இருக்கிற கருங்காளை பப்பில் சோற்றுத் தட்டு அளவுக்குப் புட்டிங் சுட்டு, அதன் குழிக்குள் மாட்டுக்கறியும் குழம்பும் ஊற்றித் தருவார்கள். அடுப்பிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடவேண்டும், ஆறினால் அமுங்கி ஈரச் செருப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அந்த வேலை உன் அப்பாவுடையது. தெல்மாவுக்கு வெங்காயம் ஆகாது, நெவிலுக்குக் குழம்பு தனிக் கிண்ணத்தில், எனக்குக் கரிந்த ஓரம் என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் அத்தனையும் தலைக்குள்ளேயே வைத்திருப்பார். வழக்கமாகச் சனிக்கிழமை பஸ் ஏறிப்போய் நேரில் சொல்லிவிட்டு, அந்தச் சாக்கில் ஒரு பைன்ட் பீர் குடித்துவிட்டு வருவார். மார்ச்சில் வழியில் இருக்கிற பாலத்தைப் பழுது பார்க்கிறோம் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அதனால் போனில் சொன்னார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது. முதலில் நம்பர் விசாரிக்கிற பெண்ணிடம் “கருங்காளை, ஹெப்பிள்தோர்ப்” என்றார், பிறகு “அதுவும் சரிதான்” என்றார். பிறகு பப்புக்குப் போட்டு, வெங்காயம் குழம்பு எல்லாம் வரிசையாக ஒப்பித்துவிட்டு, மறுபடியும் “அதுவும் சரிதான், அதுவும் சரிதான்” என்றார். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் மனுஷன் என்று நான்கூட மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை கொட்டுகிற மழையில் மேட்டைத் தாண்டி, நனைந்த கோழிகள் மாதிரி கீழ் ஹெப்பிள்தோர்ப்புக்கு இறங்கினோம். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பப்காரி கிளெனிஸ் எங்களைப் பார்த்து விழிக்கிறாள். “புட்டிங்கா? யாரு சொன்னது? எங்க சமையக்காரன் பல் புடுங்கப் போயிருக்கான். வினிகர்ல ஊறின முட்டை இருக்கு, சிப்ஸ் இருக்கு, வேணும்னா எடுத்துக்குங்க” என்றாள். உன் அப்பா செவ்வாய்க்கிழமை போனில் சொன்னேன் என்று சாதிக்கிறார், கிளெனிஸ் போன் அடிக்கவே இல்லை என்று சாதிக்கிறாள், தெல்மா முட்டை ஜாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் கிளெனிஸே தலையில் அடித்துக்கொண்டு, “ஐயோ, மேல இருக்கறவனுக்குப் போட்டுட்டீங்களா?” என்றாள். உனக்குத்தான் தெரியுமே, மேல் ஹெப்பிள்தோர்ப்பிலும் ஒரு கருங்காளை உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டை போட்டுப் பிரிந்து ஆளுக்கொரு பப் திறந்து, அப்பன் வைத்த பெயரை நான்தான் வைப்பேன் என்று இரண்டு பேருமே ஒற்றைக்காலில் நின்றார்களாம். இன்றைக்கு வரைக்கும் மேலே குடிக்கிறவன் கீழே குடிக்கமாட்டான். இந்த ஊரில் பிறந்த குழந்தைகூட கருங்காளை என்றால் “மேலயா கீழயா” என்று கேட்கும். உன் அப்பாவுக்கு அது தெரியாமல் போகுமா?

மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு அந்தச் செங்குத்து மேட்டில் ஏறினோம். யாரும் பேசவில்லை, தெல்மாவின் வயிறு மட்டும் பேசியது. மேல் கருங்காளைக்குள் நுழைந்தால் அறை முழுக்கக் கறுப்பு உடை. ஆடு வியாபாரி ஆல்பர்ட் ஸ்னெய்த் செத்துப்போய்விட்டார், கல்லறையிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லி வைத்திருந்தது வெள்ளரிக்காய் சாண்ட்விச் மட்டும்தான். ஒரு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய எங்கள் புட்டிங்குகள் ஆளில்லாமல் அமுங்க ஆரம்பித்ததும், வீணாய்ப் போகவேண்டாம் என்று பப்காரன் அவர்களுக்குப் பரிமாறிவிட்டான். நாங்கள் வாசலில் காலுறையோடு நிற்கிறோம், அங்கே ஒரு பட்டாளமே எங்கள் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறது. ஆல்பர்ட் உயிரோடு இருந்தவரை ஒருவருக்கும் ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததில்லை, அது உலகத்துக்கே தெரியும். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாருங்க, போற காலத்துல எல்லாருக்கும் புட்டிங் சொல்லி வெச்சிட்டுப் போயிருக்கார். அவரு மனசு எனக்கே தெரியாமப் போச்சே” என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து, அம்மா, அது நெவிலுக்கு வரவேண்டிய குழம்பு என்று யார் சொல்வது? எங்களையும் துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். மழையில் நனைந்து, செருப்புகூட இல்லாமல் இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன் அப்பாவிடம் வந்ததும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, “நல்ல மனுஷன் போயிட்டாருங்க” என்று விம்மினாள். உன் அப்பா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, சிரித்த முகமாக, “அதுவும் சரிதான்” என்றார்.

ஹெதர், எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பரிமாறுகிற பெண் வேறு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் ரெண்டு தடவை கேட்டேங்க, இது மேல் கருங்காளையாச்சே, கீழ இருக்கறதை நெனச்சுப் பேசறீங்களான்னு. ‘அதுவும் சரிதான்’னாரு. அப்ப நான் என்ன செய்யறது?” என்றாள். நெவில் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தி, “முரியல், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வில்ஃபுக்கு மேல்மாடி சரியா இருக்கா? கொஞ்ச நாள் நான் வேணும்னா முன்னால நடக்கறேனே” என்றார். நான் திரும்பிப் பார்த்தால் அந்தக் கோடியில், அத்தனை பேச்சுச் சத்தத்துக்கும் அப்பால், கையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சோடு உன் அப்பா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எப்படிக் கேட்டது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில் வைத்தார். கைத்தடியையும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். “நெவிலே நடத்தட்டும், படிச்சவரு” என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு புதன்கிழமை வந்தால் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். நானும் நடக்கப் போகவில்லை, போனால் திரும்பி வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்குமோ என்று பயம். உன் பெரியப்பா ஸ்டான்லி கடைசியில் நினைவு தப்பி, செருப்பை ரொட்டி அடுப்புக்குள் வைத்துச் சுட்டாரே, அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாமல் அவரைச் சோதித்துப் பார்ப்பேன், நம் கல்யாணத் தேதி என்ன, ஹெதர் பிறந்த அன்று என்ன சமையல் என்று. “கல்யாணத் தேதி கேக்கறியே, பரிசு கிரிசு எதிர்பாக்கறியா?” என்பார். தேதியைச் சரியாகச் சொல்லிவிடுவார், நீ பிறந்த அன்று நான் சமைக்கவில்லை, கட்டிலில் கத்திக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லிவிடுவார். ஆனால் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது ஏதாவது கேட்டால் “அதுவும் சரிதான்” வரும். ஒரு நாள், சாயங்காலம் என்ன வேணும், மீனா கறியா என்று கேட்டேன், “அதுவும் சரிதான்” என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. இதை எப்படி உனக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை வாரம் பதில் போடவில்லை, வேறு ஒன்றுமில்லை.

கடைசியில் எனக்கு ரத்தக்கொதிப்பு, துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனேன். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், டாக்டர் ஹாலம், சின்ன வயசு, பஞ்சு மாதிரி குரல். நான் முன்னாடியே விஷயத்தை அவள் காதில் போட்டு வைத்திருந்தேன். அவள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், “மிஸ்டர் கார்சைட், இன்னிக்கு என்ன கிழமை?” என்றாள். “அதுவும் சரிதான்” என்றார். “மாசங்களைப் பின்னாலேர்ந்து சொல்லுங்க பாக்கலாம்.” “அதுவும் சரிதான்.” எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, ஏதோ எடுக்கப் போகிறவள் மாதிரி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அதே குரலில், “மிஸ்டர் கார்சைட், ஒரு பைன்ட் பீர் வாங்கித் தரட்டுமா?” என்றாள். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இந்தக் கேள்விக்குத் திரும்பிப் பாக்காத ஆம்பளை இந்த யார்க்ஷயர்லயே கிடையாதுங்க. இவர் தலை நல்லா இருக்கு. காதுதான் இல்ல” என்றாள். பிறகு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கிழமை சொன்னார், மாதங்களைப் பின்னாலிருந்து மூச்சு விடாமல் சொன்னார், கேட்காமலேயே இங்கிருந்து மேட்டுவெளி வரைக்கும் வயல் சுவர்களைத் தாண்ட வைத்திருக்கிற ஒவ்வொரு கல்படியையும் சொல்ல ஆரம்பித்தார், நான்தான் நிறுத்தினேன்.

எல்லாம் அந்த மில்தான், கண்ணு. தறிச் சத்தத்தில் வாழ்நாள் பாதி நின்றவருக்குக் காது எங்கே இருக்கும்? அங்கே யாரும் குரலால் பேசியதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். எங்கள் காதலே அப்படித்தான், மூன்று தறி தள்ளி நின்று சத்தமில்லாமல் வாயசைத்தார், நானும் வாயசைத்தேன். அந்தப் பழக்கத்தில் நான் இன்றைக்கும் வாயை அகலமாகத் திறந்துதான் பேசுகிறேன், பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நீ வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாயே. அதனால் வீட்டில் எனக்குத் தெரியவே இல்லை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார். நெவில் மூலையில் கிசுகிசுத்ததையும் அப்படித்தான் படித்திருக்கிறார். கைக்குட்டை பொத்திய வாயைத்தான் படிக்க முடியவில்லை. “மெல்லிசா, உச்சத்துல இருக்கற சத்தம்தான் முதல்ல போகும், பறவைங்க, குழந்தைங்க, பொம்பளைங்க குரல்” என்று டாக்டர் விளக்கினாள். “அப்ப ஆண்டவன் கருணை உள்ளவன்தான்” என்றார் உன் அப்பா. நான் சந்தோஷத்தில் அவர் தொடையில் ஓங்கி ஒரு அறை விட்டேன், டாக்டர் என் ரத்தக்கொதிப்பையும் பார்த்துவிடலாம் என்றாள்.

காது மெஷின் வந்தது. வந்து என்ன? போட்டால்தானே. அவரைக்கொட்டை மாதிரி இருக்கிறதாம், கிழவன் ஆக்குகிறதாம். பழைய புகையிலை டப்பாவில் போட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்துவிட்டார். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? நான் வீட்டுக்குள்ளேயே கழுத்துத் துண்டை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டேன், பல்வலி என்று. துண்டுக்குள்ளிருந்தே பேசினேன். முதல் நாள் “புட்டிங் சூடா இருக்கு, வாங்க” என்றேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நானே இரண்டையும் சாப்பிட்டேன். மறுநாள் ரேடியோவில் கிரிக்கெட் என்றேன், அதுவும் போயிற்று. மூன்றாவது நாள் சர்க்கரை அப்பம், மேலே பாலேடு. பாதி சாப்பிடும்போது வந்து பார்த்துவிட்டார். “அடிப்பாவி, இதைச் சொல்லவே இல்லையே!” “சொன்னேன், உங்க புகையிலை டப்பாகிட்ட.” விருட்டென்று கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது காதில் அந்த அவரைக்கொட்டை இருந்தது, முகம் கடுகடுவென்று இருந்தது. வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, “நீ சாப்பிடறப்ப இவ்ளோ சத்தமா வருமா?” என்றார். அன்றைக்கே அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன்.

இதற்குள் தெல்மா வேறு வந்து வாசலில் நின்று ஒப்பாரி. நெவில் ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்திப் பாடம் எடுக்கிறாராம், ஒரு வாரம் சதுப்பில் இறக்கிவிட்டாராம், மதியம் பப் வேண்டாம் என்று சாலட் விற்கிற கடைக்கு அழைத்துப் போனாராம். “பீட்ரூட், வில்ஃப்! நடந்து போனதுக்கு பீட்ரூட்!” என்று அவள் சொன்னபோது குரல் உடைந்தது. உன் அப்பா, “வரேன். ஆனா முன்னால நடக்கமாட்டேன். கடைசி ஆளா வரேன், கேட்டைச் சாத்திக்கிட்டு” என்றார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அலமாரி திறந்தது, பூட்ஸ் வெளியே வந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

அதுதான் நேற்று. நல்ல வெயில், மேட்டுவெளியில் காற்றே இல்லை. நெவில் முன்னால் போனார், நாங்கள் நடுவில், உன் அப்பா கடைசியில், காது மெஷினை மறைக்கத் தொப்பியைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு. உச்சியில் இருக்கிற கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கேட் சாத்துகிற சத்தம் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கேட் திறந்தே கிடந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆடுகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டி வெளியே போகின்றன, அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கு நெஞ்சு வலியோ என்று பயந்துபோய் ஓடினேன். பக்கத்தில் போனதும் மெதுவாக, “முரியல், இதுங்க எப்ப திரும்பி வந்துச்சு?” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் எனக்கும் கேட்டது, தலைக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத உயரத்தில், வானம்பாடிகள், ஒன்றல்ல, வானம் முழுக்க. நான் என்ன சொல்லட்டும்? “எங்க போச்சுங்க? இங்கதான் இருந்துச்சு” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. காற்று கண்ணில் படுகிறது என்றார். காற்றே இல்லை என்று முன்னமே எழுதியிருக்கிறேன். நானும் அழுதேன், பிறகு ஓடின ஆடுகளைப் பிடிக்க எல்லோருமாக அலைந்ததில் பப்புக்குப் போக நேரமாகிவிட்டது, தெல்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

கீழ் கருங்காளையில் கிளெனிஸ் எங்களுக்காகப் புட்டிங்கைத் தாமதித்தே போட்டிருந்தாள், புண்ணியவதி. இந்தத் தடவை நானே போன் செய்திருந்தேன், “கீழ, கீழ, கீழ” என்று. உன் அப்பா கரண்டியை எடுத்தார், வைத்தார். “ஹெதர் போன்ல என்ன பேசுவா?” என்றார். நீங்கள்தானே எடுக்கிறீர்கள் என்றேன். “எடுப்பேன். அவ குரல் எனக்கு வந்து சேராது. ரொம்ப தூரம், லைன் சரியில்லைன்னு நெனச்சிக்கிட்டேன். ஏதாவது ஏடாகூடமா சொல்லித் தொலைக்கப்போறோம்னு உன்கிட்ட குடுத்துடுவேன். அதுவும் சரிதான்னா யாரு மனசும் நோகாதேன்னுதான்.” அப்புறம், “கை ஒடிஞ்சப்ப அவ என்கிட்டதான் முதல்ல சொன்னாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நான் என்ன சொன்னேன்?” நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மெஷின் காதில்தான் இருந்தது, ஆனாலும் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், மில்லில் பார்த்தது மாதிரி. பொய் என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகு தட்டைத் தொடவில்லை. உன் அப்பாவின் முன்னால் ஒரு புட்டிங் ஆறி அமுங்கியதை நான் நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கோபமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நீ பேசியது அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அன்றைக்கு நான்தான் போனை எடுப்பேன், அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்று சொல்வேன். நம்பாதே, பக்கத்திலேயேதான் நிற்பார். அவருக்குப் பயம், பழக நாள் வேண்டுமாம். இன்று காலையிலிருந்து வானிலை சொல்கிற நம்பருக்குப் போன் போட்டு, ரிசீவரைக் காதுக்கு மேலே பிடித்து, கீழே பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் குரல் மழை, காற்று என்று சொல்கிறது. இவர் அதனிடம் “என்னம்மா, புரியல, இன்னொரு தடவை சொல்லு” என்கிறார். அது ரெக்கார்டு என்று எத்தனை தடவை சொன்னாலும், கேட்டால் என்ன தப்பு என்கிறார்.

நீ கிரெய்கோடு அனுசரித்துப் போ, ராத்திரி தலையை ஈரத்தோடு விடாதே, டெஸ்ஸுக்கு நான் பின்னி அனுப்பின தொப்பி பெரிதாக இருந்தால் வைத்திரு, தலை வளரும். ஆண்டவன் உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், என்னைக் கேட்காதே, நான் வேண்டுமென்றே தெல்மா வீட்டுக்குப் போய்விடுவேன். இதெல்லாம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கத்தாதே, உன் சொந்தக் குரலில் பேசு. ஏணியில் ஏறினதிலிருந்து ஆரம்பித்து, விழுந்தது, வலித்தது, அழுதது எல்லாவற்றையும் அவரிடம் முதலிலிருந்து சொல். நடுவில் “அதுவும் சரிதான்” என்றால் விட்டுவிடாதே, இன்னொரு தடவை சொல்.

உன் வரவை அல்ல, உன் போனை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா
முரியல் கார்சைட்